எட்டுச் செலவுக்கு ஒரு போத்தல் பியர்

அப்பாவை எரித்த மறுநாள் நான் வேலைக்குப் போனேன். வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சாவு விழுந்த துடக்கு வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகக் கூடாது, கல்யாண வீடுகளுக்குப் போகக் கூடாது. பியர் காய்ச்சுகிற புரூவரிக்குப் போகலாமா என்று எங்கள் ஆட்களில் யாரும் அதுவரை யோசித்திருக்க மாட்டார்கள். ஸ்காபரோவிலிருந்து இரண்டு பஸ், ஒரு சப்வே. கையுறையை வீட்டிலேயே விட்டுவிட்டேன் என்பது இறங்கும்போதுதான் தெரிந்தது. மார்ச் மாதம். விரல்கள் சிவந்து போயிருந்தன, ஆனால் நோகவில்லை.

அன்று, பியரை நொதிக்க வைக்கிற ஈஸ்டை எண்ண வேண்டியிருந்தது. ஒரு தொட்டியில் வேலை முடித்த ஈஸ்டை எடுத்து அடுத்த தொட்டியில் விடுவதற்கு முன், அதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு துளியில் நீலச் சாயம் கலந்து நுணுக்குக்காட்டியில் வைப்பேன். உயிருள்ளவை நிறமில்லாமல் நிற்கும், செத்தவை நீலமாகும். எண்ணினேன். பிழை விட்டிருப்பேனோ என்று இரண்டாம் தரமும் எண்ணினேன். இரண்டு தரமும் ஒரே விடைதான் வந்தது. அழுதிருக்க வேண்டிய ஒருத்தி இவ்வளவு சரியாக எண்ணுகிறாளே என்று யாரோ ஒருத்தியைப் பற்றி நினைப்பதுபோல நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"வேலையிலயோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"சனிக்கிழமை எட்டு. பெரியப்பா லிஸ்ட் எழுதிக்கொண்டு இருக்கிறார். கோழி, இறால், கணவாய், ஒரு பிராண்டிப் போத்தல். நீயும் உன்ர பியர் ஒண்டு கொண்டா."

"என்ரயோ? ஏன்?"

"ஏனோ? அப்பாவுக்கு விருப்பமெல்லே. நத்தாருக்கு நீ கொண்டுவந்த அந்தக் கறுத்தப் போத்தல். அருமையான சாமான் எண்டு எத்தினை பேருக்குச் சொல்லித் திரிஞ்சவர்."

நான் சரி என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

எட்டுச் செலவு என்பது செத்தவருக்கு எட்டாம் நாள் படைக்கிற படையல். மற்றப் படையல்களைப் போலச் சைவமாக இருக்க வேண்டுமென்றில்லை. அவருக்கு எது விருப்பமோ அதுதான் இலையில் வரும். மீன் விரும்பினவருக்கு மீன், சுருட்டு விரும்பினவருக்குச் சுருட்டு. விருப்பம் ஒன்றுதான் சட்டம். சிக்கலும் அதில்தான் இருந்தது. அப்பாவுக்கு என் பியர் பிடிக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பா நாலாம் வகுப்பு. அம்மா அதுவும் இல்லை. ஆறு வயதில் இங்கே வந்தேன், இங்கேயே படித்தேன், நுண்ணுயிரியலில் பட்டம் எடுத்தேன். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டு சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் அப்பா மாட்டினார். மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, பிள்ளையாரை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்தினார். நான் அடக்கமான ஆள் இல்லை. அதைக் கடந்து போகும்போதெல்லாம் ஒருமுறை பார்ப்பேன்.

வேலை கிடைத்தது நகரத்தின் மேற்கில் ஒரு சின்னப் புரூவரியில். பெல்ஜியத்து முறையில் பியர் செய்கிற இடம். எங்கள் புரூவர் ஒன்ராறியோக்காரர்தான், ஆனால் பெல்ஜியத்தில் ஒரு கிராமத்துப் புரூவரியில் எட்டு வருடம் தொட்டி கழுவியும் பியர் காய்ச்சியும் படித்தவர். "மகளுக்கு லாப்பில வேலை" என்று அப்பா எல்லோருக்கும் சொன்னார். புரூவரியின் பரிசோதனைக்கூடத்தில்தான் வேலை, அது பொய்யில்லை. மிச்சத்தைக் கேட்டவர்களுக்கு மிச்சத்தையும் சொன்னார். அவரே மா புளிக்கவைத்துப் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். ஈஸ்ட் என்றால் அவருக்குப் புதிதில்லை.

ஒரு வருடம் போன பின், புரூவர் என்னைச் சொந்தமாக ஒரு பியர் செய்யச் சொன்னார். நான் தெரிந்தெடுத்தது பெல்ஜியத்துக் கிறிஸ்தவ மடங்களில் சந்நியாசிகள் காய்ச்சுகிற வகை. கறுப்புச் சீனிப்பாகு சேர்த்துச் செய்யும், பலமான மண்ணிறப் பியர். அதில் நாங்கள் வாசனைச் சாமான் எதுவும் போடுவதில்லை. குடிக்கும்போது வருகிற வாழைப்பழ மணமும் கராம்பு மணமும் ஈஸ்ட் தருவது. முளைவிட்ட பார்லியைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது நாற்பத்தைந்து பாகையில் இருபது நிமிடம் நிறுத்தி வைத்தால் கராம்பு மணம் கூடும். இது பல்கலைக்கழகத்தில் படித்தது.

புரூவர் என் செய்முறைத் தாளை வாசித்துவிட்டு, தான் வேலை செய்த இடத்தில் யாரும் அப்படி நிறுத்துவதில்லை, அந்த ஈஸ்ட் தானாகவே போதிய மணம் தரும் என்றார். நான் வரைபடம் கீறிக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, உன் பியர், உன் விருப்பம் என்று சொல்லிவிட்டுக் குழாய் கழுவப் போனார்.

பியர் நன்றாக வந்தது. போத்தலில் கொஞ்சம் சீனியும் புது ஈஸ்டும் விட்டுத் தக்கை அடித்து, சூடான அறையில் மூன்று கிழமை வைத்தோம். அப்படி வைத்தால் போத்தலுக்குள்ளேயே மறுபடி நொதித்து வாயு பிடிக்கும். பெல்ஜியத்து வழக்கம் அது. குளிரவைத்து, அதற்கென்றே உள்ள வாய் அகன்ற கிளாசில் ஊற்றி எல்லோரும் குடித்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். டிசம்பரில் நத்தாருக்கு ஒரு போத்தலை அப்பாவுக்குக் கொண்டுபோனேன்.

அப்பாவுக்குக் குளிர் ஆகாது. கடைவாய்ப் பற்கள் இரண்டு தேய்ந்து, பச்சைத் தண்ணீர் பட்டாலே முகத்தைச் சுளிப்பார். வேலைக்குப் போகிற ஜக்கெட் பையில் எப்போதும் ஒரு சின்னக் குப்பியில் கராம்பு எண்ணெய் இருக்கும். பல் வைத்தியரிடம் போங்கள் என்று நான் சொல்ல, நாளைக்கு என்று அவர் சொல்ல, அப்படியே வருடங்கள் போயின. போத்தலை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் ஒரு மணித்தியாலம் வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன்.

"குளிரோட குடிக்க எனக்கு ஏலாது எண்டு உனக்குத் தெரியும்தானே பிள்ளை."

தேத்தண்ணிக் கோப்பையில் குடித்தார். வந்திருந்த ஆட்களுக்கு முன்னால், "அருமை. கடையில வாங்கேலாது உப்பிடி" என்றார். எல்லோரும் போன பிறகு நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது."

"சொல்லுங்கோ."

"கராம்பு எண்ணெய் மாதிரிக் கிடக்கு. குடிக்கக் குடிக்கப் பல்லுவலிதான் ஞாபகம் வருது."

"அது அப்பிடித்தான் இருக்கோணும் அப்பா. உங்களுக்கு உது விளங்காது."

அவர் சரி என்றார். துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினார்.

ஜனவரியில் ஒருநாள், "அந்தப் போத்தல் இன்னும் இருக்கோ? இன்னொருக்காப் பாப்பம்" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். என் அறையில் கட்டிலுக்குக் கீழே ஆறு போத்தல் இருந்தன. மார்ச்சில் ஒரு காலை, வேலை முடிந்து தொழிற்சாலைப் பார்க்கிங்கில் காரில் ஏறி இருந்தவர், காரை எடுக்கவில்லை. இருதயம் என்றார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போத்தலைக் கொண்டுபோய் வைத்தால், பிடிக்காத ஒன்றைப் பிடித்தது என்று சொல்லி அவருக்கே படைக்கிறேன். வைக்காவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பார். அப்பா உங்களிடம் சொன்னது பொய் என்று நான் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எது என்று யோசிக்கிற அளவுக்குத்தான் தலை வேலை செய்தது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. ஒரு கணக்கைச் செய்வதுபோலச் செய்துகொண்டிருந்தேன். கடைசியில், கட்டிலுக்குக் கீழே ஒளித்ததை எடுக்காமல், புரூவரியில் மிச்சமிருந்த ஒரு போத்தலைத் தோள்பையில் வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை காலை வேலை முடித்து வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் பை மடியில் குலுங்கிக்கொண்டே வந்தது.

வீடு நிறைய ஆட்கள். எங்கள் வீட்டு முன் அறைக்குக் கதவு கிடையாது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்த வேண்டும் என்பதால், அப்பாவின் படுக்கை அறையில் கட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேதான் ஆயத்தம் நடந்தது. பெரியப்பா, அப்பாவின் தமையன், எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். அவருடைய மகன், எனக்கு அண்ணா முறை, இங்கேயே பிறந்தவர், கதிரையில் ஏறி நின்று ஃபயர் அலாரத்துக்குப் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லா இறுக்கிக் கட்டடா. சாம்பிராணி போட்டோண்ண ஃபயர் ட்ரக் வந்திடும்" என்றார் பெரியப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "வா பிள்ளை. கொண்டந்தனியோ?"

கொடுத்தேன். போத்தலைக் கையில் உருட்டிப் பார்த்தார்.

"எங்கட பரம்பரையில குடிச்சவங்கள் கனபேர். காய்ச்சினது நீதான் முதல்."

குசினியிலிருந்து யாரோ பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்திருக்கக் கூடும். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. மேலே போய் உடுப்பு மாற்றினேன், கட்டிலில் இருந்தேன், எவ்வளவு நேரம் இருந்தேன் என்பதும் தெரியவில்லை. யாரோ கூப்பிட்ட பிறகு இறங்கி வந்தேன்.

இலையில் எல்லாம் வைத்திருந்தார்கள். சோறு, கோழிக்கறி, இறால் பொரியல், கணவாய், முட்டை, ஒரு துண்டுப் பாண்கூட. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு. பிராண்டிப் போத்தல் மூடி திறந்து நின்றது. செத்தவர் வந்து மூடியைத் திறந்துகொண்டிருக்க மாட்டார், எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். என் போத்தலைக் காணவில்லை.

"பியர் எங்கை?" என்று கேட்டேன்.

"இஞ்சை." பெரியப்பா குனிந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் உள்ள ஹீட்டர் துவாரத்தின் மேல் படுக்க வைத்திருந்த போத்தலைத் தூக்கினார். "அவனுக்குக் குளிர் ஆகாதெல்லே. வந்த நேரம் துவக்கம் இதிலதான் கிடக்கு. பார், நல்ல இளஞ்சூடு."

பஸ்ஸில் குலுங்கிய, அடியில் ஈஸ்ட் படிந்த, இரண்டு மணித்தியாலம் சூட்டில் கிடந்த போத்தல். சூடேறினால் வாயு திரவத்தில் தங்காது. "பெரியப்பா, அதைத் திறக்காதேங்கோ, என்னட்டைத் தாங்கோ" என்று நான் சொல்லி முடிக்க முன்னரே தக்கையைக் கட்டியிருந்த கம்பியை முறுக்கி எடுத்துவிட்டார். தக்கையை அவர் தொடவே தேவையிருக்கவில்லை. துவக்கால் சுட்ட சத்தத்தோடு வெடித்து சீலிங்கில் அடித்தது. பின்னால் மண்ணிற நுரை எழுந்து கோழிக்கறியில், சோற்றில், பெரியப்பாவின் வெள்ளைச் சேட்டில், அப்பாவின் படத்தில் எல்லாம் விழுந்தது. விளக்கு அணைந்தது.

"ஓ மை கோட். சித்தப்பா வந்திட்டார்" என்றார் அண்ணா.

முதலில் ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா நுரை வடிகிற கையோடு, "சிரியுங்கோ, சிரியுங்கோ. உவன் உயிரோட இருக்கேக்கையும் என்ர புதுச் சேட்டுகளைத்தான் பழுதாக்கினவன்" என்றார். எட்டு நாளில் அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது. அம்மா சேலைத் தலைப்பால் படத்தைத் துடைத்தார். கண்ணாடியில் நுரை இழுபட்டுக் கோடு விழுந்தது, மறுபடி துடைத்தார். சீலிங்கில் இருந்து சொட்டுகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேன். எந்த வெப்பத்தில் எவ்வளவு வாயு என்ற அட்டவணை மனதில் ஓடியது. அது மட்டும் தெளிவாக ஓடியது.

புது இலை போட்டு, புதுச் சோறு வைத்து, விளக்கை மறுபடி ஏற்றினார்கள். போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருந்தது, கலங்கலாக.

"இருக்கிறதை நீயே ஊத்து பிள்ளை" என்றார் பெரியப்பா. அம்மா அப்பாவின் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினார். எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பாவுக்கு இது பிடிக்கேல்லை" என்றேன்.

அம்மா கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுறாய்? என்னட்டை அருமை எண்டெல்லே சொன்னவர்" என்றார் அம்மா.

"என்னட்டை வந்து கராம்பு எண்ணெய் எண்டு சொன்னவர். குடிக்கப் பல்லுவலி ஞாபகம் வருதாம். எல்லாருக்கும் முன்னாலை எனக்காண்டி அருமை எண்டவர். நான் உங்களுக்கு விளங்காது எண்டு சொல்லிப்போட்டன். பிறகு ஒருக்கா இன்னும் இருக்கோ எண்டு கேட்டவர். இருந்தது. இல்லையெண்டு சொன்னனான்."

சொல்லி முடிந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. எதையோ திருத்திக் கணக்குப் பார்க்கிறவர் போலக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "உவன் என்ர மனிசி காய்ச்சிற கூழையும் இருபது வருஷம் அருமை எண்டவன். ஒருக்காலும் இரண்டாம் தரம் கேட்டதில்லை."

"சும்மா இருங்கோ" என்றார் பெரியம்மா.

அம்மா கோப்பையை மறுபடி என் பக்கம் நீட்டினார். "இரண்டாம் தரம் கேட்டவர்தானே. ஊத்து."

ஊற்றினேன். நுரை கூட எழவில்லை. கோப்பையை இலையின் வலப்பக்கத்தில் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம். பெரியப்பா கதவைச் சாத்தினார். சாப்பிடுகிற ஆள் தனியே இருந்து சாப்பிட வேண்டும்.

ஒடுங்கின வழியில் சுவரில் சாய்ந்து நின்றோம். பெல்ஜியத்தில் ஒரு வகைப் பியருக்கு ஈஸ்டே விடுவதில்லை. காய்ச்சிய பார்லிச் சாற்றைக் கூரைக்குக் கீழே அகன்ற தாழ்ந்த தட்டில் ஊற்றி, சாளரங்களைத் திறந்து வைத்துவிட்டு, ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். காற்றில் இருப்பது வந்து இறங்கும். அந்தக் கூரையில் சிலந்தி வலையைக்கூடத் தட்டமாட்டார்கள், வருவது வராமல் போய்விடும் என்று. சென்ற குளிர்காலம் நாங்களும் செய்து பார்த்தோம். காலையில் போய்ப் பார்த்தபோது ஒரு மாற்றமும் தெரியவில்லை. சில நாள் கழித்துத்தான் நுரை வந்தது. என்ன வந்தது என்று நுணுக்குக்காட்டியில் பார்த்து என்னால் சொல்ல முடிந்தது. அந்த வழியில் நின்றபோது இது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். நான் ஒன்றையும் எதிர்பார்த்து நிற்கவில்லை.

பெரியப்பா கதவைத் திறந்தார். எல்லாம் வைத்தபடி இருந்தது. படையலை எல்லோருக்கும் பகிர்ந்தார்கள். ஆண்கள் பிராண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். கோழிக்கறி முடிந்தது, கணவாய் முடிந்தது. பியரை யாரும் தொடவில்லை. கலங்கலைப் பார்த்துப் பயந்திருப்பார்கள்.

நான் கோப்பையைக் குசினிக்குக் கொண்டுவந்து குடித்தேன். இளஞ்சூடு, வாயு இல்லை. என் பியரை நான் இப்படிக் குடித்ததே இல்லை. எப்போதும் குளிரோடு, நுரையோடு, சரியான கிளாசில்தான். குளிரும் வாயுவும் குறைகளை மறைக்கும் என்பது முதல் வருடப் பாடம், பிறருடைய பியரைச் சோதிக்கும்போது நான் சூடாக்கித்தான் மணப்பேன். என்னுடையதைச் சூடாக்கிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்பா தன் பல்லுக்காக அதைச் செய்திருக்கிறார். வாழைப்பழம் இல்லை, பாகின் ருசி இல்லை. நாக்கின் இரண்டு பக்கமும் கராம்பு ஏறி, மரத்துப்போகிற அளவுக்கு நின்றது. பார்லியை நிறுத்தி வைத்த அந்த இருபது நிமிடம் தேவையில்லை. புரூவர் சொன்னது சரி. அப்பா சொன்னதும் சரி.

அம்மா உள்ளே வந்தார். "குடிச்சனியோ? எப்பிடி?"

"அவர் சொன்னது சரி. கூடிப்போச்சு."

கையை நீட்டினார். அம்மா தன் வாழ்நாளில் குடி எதையும் தொட்டதில்லை. கோப்பையில் கிடந்த மிச்சத்தை ஒரு மிடறு வாயில் விட்டு, விழுங்கி, முகத்தைச் சுளித்தார்.

"ஓம்" என்றார். "திருத்தலாமோ உதை?"

"திருத்தலாம். முதலிலையிருந்து காய்ச்சோணும்."

"எப்ப காய்ச்சுவாய்?"

"அடுத்த மாசம் தொட்டி ஒண்டு வெறுமையாகும்."

"அப்ப சொல்லு, நானும் வாறன். இருந்து பாக்கிறன் என்ன செய்யிறாய் எண்டு."

"துடக்குக் கழியிற முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்சோண்ண வாங்கோ" என்றேன். அம்மா கோப்பையை வாங்கிக் கழுவத் தொடங்கினார். நான் துவாயை எடுத்துக்கொண்டு சீலிங்கைத் துடைக்க அப்பாவின் அறைக்குப் போனேன்.